‘பாதுகாப்பு ஓய்வெடுக்கிறது’: ஜூரி நாடகங்களைத் தமிழில் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கில நீதிமன்றத் தொடர்களையும் படங்களையும் தமிழ் சப்டைட்டிலோடும் டப்பிங்கோடும் வெளியிடும் ஓடிடி தளங்களின் மொழிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும், அந்த வேலையை எடுத்துச் செய்யும் நிறுவனத்தாருக்கும்,

குற்றம்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் எழுந்து, தன் தரப்பில் இனி விசாரிக்க யாரும் இல்லை என்று அறிவித்துவிட்டு உட்காருகிறார். மூலத்தில் அது ‘டிஃபென்ஸ் ரெஸ்ட்ஸ்’. திரையின் அடியில் வருகிறது: ‘பாதுகாப்பு ஓய்வெடுக்கிறது.’ இரண்டு காட்சி கழித்து, ஜூரியில், அதாவது குற்றம் நிரூபணமானதா என்று முடிவு சொல்ல உட்கார வைத்த பொதுமக்கள் குழுவில், இருக்கும் 12 பேரும் ஒத்துவராமல் போக, நீதிபதி அவர்களைக் கலைத்து அனுப்புகிறார். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஹங் ஜூரி’ என்று பெயர். தமிழ் சொல்கிறது: ‘இது தூக்கிலிடப்பட்ட ஜூரி.’

இதைச் சுட்டி எழுதினால் உங்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: கதை புரிந்தால் போதும், சட்டச் சொற்கள் பார்வையாளருக்குச் சுமை. சரிபார்க்கும் ஆளை எடுத்துவிட்டு, கருவி தருகிற மொழிபெயர்ப்பை லேசாகத் தட்டிக்கொட்டி ஏற்றிவிடுவது என்று எடுத்த முடிவுக்கும் இதே பதில்தான் கேடயம். அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. எங்களில் சிலர் நீதிமன்ற ஆவணங்களைத் தமிழாக்குகிறவர்கள், சிலர் வழக்கறிஞர்கள், சிலர் உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கே சப்டைட்டில் எழுதுகிறவர்கள்.

தூக்கிலிட்ட ஜூரியைக்கூட விட்டுவிடலாம். பார்ப்பவர் சிரித்துவிட்டுத் தானே திருத்திப் புரிந்துகொள்வார். சிரிப்பு வராத பிழைகள்தான் எங்கள் புகார். பார்ப்பவருக்குப் பிழை என்றே தெரியாது. வாக்கியம் ஒழுங்காக இருக்கும். கதை மட்டும் வேறொன்றாகியிருக்கும்.

ஜூரி அறை நாடகத்தில் துரத்தலும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. ஒரு மேசை, 12 நாற்காலி, வெளியே காவல். நடப்பதெல்லாம் சொல்லில் நடக்கிறது. ‘குற்றவாளி அல்ல’ என்பதை நீங்கள் ‘நிரபராதி’ என்று போட்டால் அந்த அறையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு ஜூரர் மற்றவர்களிடம் மன்றாடுகிறார்: ‘அவன் செய்யவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன்தான் செய்தான் என்று இவர்கள் காட்டவில்லை என்கிறேன்.’ கதையின் முதுகெலும்பே இந்த வரிதான். உங்கள் சப்டைட்டிலில் அது இப்படி வந்தது: ‘அவர் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. அவர் நிரபராதி என்கிறேன்.’

எழுதியவரைக் குறை சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ‘இன்னொசென்ட்’, ‘நாட் கில்டி’ என்று இரண்டு சொல் இருந்தது, இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லைக் கொடுத்தாயிற்று. நிரபராதி என்றால் குற்றமே செய்யாதவர். ஜூரி அப்படி ஒரு சான்றிதழ் கொடுப்பதே இல்லை. குற்றத்தை நிரூபிக்கும் சுமையை அரசுத் தரப்பு இறக்கி வைத்ததா, இல்லையா என்பது மட்டுமே அவர்கள் முன் இருக்கும் கேள்வி. இல்லை என்றால் ‘குற்றவாளி அல்ல’. செய்தவனே என்று மனத்துக்குள் நினைக்கிற ஒருவர்கூட மனச்சாட்சி உறுத்தாமல் அந்தச் சொல்லைச் சீட்டில் எழுதலாம். நாடகம் அங்கேதான் இருக்கிறது. ‘நிரபராதி’ ஐந்தெழுத்து, ‘குற்றவாளி அல்ல’ எட்டெழுத்து. மூன்றெழுத்தை மிச்சம் பிடித்து முழுக் கதையையும் செலவழித்திருக்கிறீர்கள்.

‘நாட் கில்டி’ என்ற இதே ஆங்கிலச் சொற்கள் வழக்கின் தொடக்கத்திலும் வரும். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி நீதிபதி கேட்கும்போது எதிரி, அதாவது குற்றம்சாட்டப்பட்டவர், சொல்லும் பதில் அது. அங்கே ‘குற்றத்தை மறுக்கிறேன்’ என்பதுதான் சரி. தன்னைப் பற்றித் தானே ‘நான் குற்றவாளி அல்ல’ என்று தீர்ப்பு எழுதிக்கொள்ள அவருக்கு அதிகாரம் இல்லை. வழக்கை நடத்துங்கள் என்கிறார், அவ்வளவுதான்.

டப்பிங்கில் வாயசைவு ஒத்துவராது என்று சொல்வீர்கள். ‘குற்றமற்றவர்’ என்பது உதட்டுக்குப் பொருந்துகிறது என்பதற்காகவே அதைப் போட்டவர்கள் உண்டு. ஆனால் ஜூரித் தலைவர் முடிவைப் படிக்கும் அந்த நொடியில் கேமரா பெரும்பாலும் எதிரியின் முகத்தில்தான் இருக்கும். படிப்பவரின் வாய் தெரிகிற இடங்களில் ‘குற்றவாளி’ என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, வெட்டுக்குப் பிறகு ‘அல்ல’ என்று முடிக்கலாம். மூலத்தில் இல்லாத ஒரு திகில் இனாமாகவே கிடைக்கும்.

அடுத்தது ‘சந்தேகம்’. தமிழுக்கே உரிய பள்ளம் இது. கருவி ஒவ்வொரு தடவையும் இதில் விழுகிறது. ஒருவன் செய்திருப்பானோ என்ற ஐயத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல், செய்யாமல் இருந்திருப்பானோ என்ற ஐயத்துக்கு வேறொரு சொல். நமக்கு இரண்டுமே சந்தேகம்தான். ‘அவன் மேல் எனக்குச் சந்தேகம்’ என்றால் அவனைப் பிடி என்று பொருள். ‘அவன்தான் செய்தானா என்பதில் எனக்குச் சந்தேகம்’ என்றால் அவனை விடு என்று பொருள். ஜூரி அறையில் ஒருவர் எழுந்து வெறுமனே ‘எனக்குச் சந்தேகம் இருக்கிறது’ என்று சொன்னால் அவர் எந்தப் பக்கம் என்று தமிழ் பார்வையாளருக்கு எப்படித் தெரியும்? பத்து நிமிடம் கழித்து அவர் விடுதலைக்கு வாக்களிக்கும்போது, மனம் மாறிவிட்டாரோ என்று தோன்றும். மாறவில்லை, உருபு விடுபட்டுப்போயிற்று. வழி எளிது: ஜூரரின் வாயில் ‘சந்தேகம்’ வரும் இடமெல்லாம் எதில் சந்தேகம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘அந்தச் சாட்சியத்தில்’, ‘அந்த நேரக் கணக்கில்’, ‘அவன்தானா என்பதில்’. எல்லாமே ஓரிரு சொல்தான்.

அதன் முன்னால் நிற்கும் ‘நியாயமான’ என்ற அடைமொழியை வெட்டுவது இன்னும் மோசம். ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ என்று எழுதிவிட்டால் கடுகளவு சந்தேகமும் கூடாது என்றாகிவிடும். அப்புறம் எந்த வழக்கிலும் யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது. குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்காவில் அரசியலமைப்பின் கட்டாயம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1970-இல் வின்ஷிப் வழக்கில் சொன்னது. ஜூரி அறைச் சண்டை பெரும்பாலும் இந்த அடைமொழியின் மேல்தான்: ‘நீ சொல்வது சந்தேகமா, கற்பனையா?’ அடைமொழியை நீங்கள் எடுத்துவிட்டால் அவர்கள் எதற்காகக் கத்துகிறார்கள்? நம் கீழமை நீதிமன்றத் தீர்ப்புகளில் புழங்கும் ‘ஐயந்திரிபற’ என்ற சொல்லுக்கும் இதே வழுக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். தீர்ப்பில் அது பழகிப்போன வாய்பாடு, யாரும் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில்லை. நாடகத்தில் வாதாடுகிறார்கள்.

இடம் போதாது என்ற சமாதானமும் இங்கே எடுபடாது. ஆங்கிலத் தொடர் இடைவெளியோடு 16 எழுத்து. ‘நியாயமான சந்தேகம்’ நம் கணக்கில் 10 எழுத்து. கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் உங்கள் மென்பொருளின் கணக்கில் இடைவெளியோடு 17. ஒரே ஒரு குறி கூடுதல்.

இங்கிலாந்துத் தொடர்களுக்கு ஒரு துணுக்கு. அங்கே நீதிபதிகள் இப்போது ஜூரியிடம் ‘நியாயமான சந்தேகம்’ என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டு, ‘குற்றவாளிதான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும்’ என்கிறார்கள். அங்கே ‘நிச்சயம்’ என்றே போடுங்கள். அமெரிக்கத் தொடருக்குச் செய்த சொற்பட்டியலை அப்படியே இதன் மேல் ஒட்டக் கூடாது. அரசுத் தரப்பைக் குறிக்க அங்கே புழங்கும் சொல்லை ‘கிரீடம் தன் முதல் சாட்சியை அழைக்கிறது’ என்றும் எழுதக் கூடாது. அரசுத் தரப்பு அழைக்கிறது. சத்தம் அதிகமானால் நீதிபதி சுத்தியலால் தட்டுவதாக டப்பிங்கில் ஒலி சேர்ப்பவர்கள் கவனிக்க: இங்கிலாந்து நீதிபதியிடம் சுத்தியலே கிடையாது.

இனி, தீர்ப்பு. ஜூரி சொல்வது, நீதிபதி சொல்வது, தண்டனை அறிவிப்பு மூன்றையும் ‘தீர்ப்பு’ என்ற ஒரே கூடையில் போடுகிறீர்கள். உண்மை நிகழ்வுகள் பற்றி முடிவு சொல்வது ஜூரி. சட்டம் என்ன என்பதை அவர்களுக்குச் சொல்வது நீதிபதி, தண்டனை விதிப்பதும் பெரும்பாலும் அவர்தான். அமெரிக்கக் குற்ற வழக்குகளில் ஜூரி ‘குற்றவாளி’ என்று சொல்லும் நாளுக்கும் தண்டனை நாளுக்கும் நடுவில் வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஓடும். ‘ஜூரி அவருக்குத் தண்டனை வழங்கியது’ என்று ஐந்தாம் எபிசோடில் போட்டுவிட்டால், ஏழாம் எபிசோடில் அவருடைய தாய் நீதிபதியிடம் கருணை கேட்டு அழுவது எதற்கு என்று பார்ப்பவர் விழிப்பார். மரண தண்டனை வழக்குகளில் நிலைமை வேறு. அங்கே தண்டனைக் கட்டத்துக்காக ஜூரி மறுபடி உட்காரும். இரண்டு கட்டத்துக்கும் ‘தீர்ப்பு’ என்று எழுதிய ஒரு சப்டைட்டிலில், அந்த மனிதர் ஏற்கெனவே குற்றவாளி என்று முடிவானவர் என்பதே தெரியாமல் போயிற்று. எங்கள் யோசனை: ஜூரி சொல்வதற்கு ‘முடிவு’, நீதிபதியுடையதற்குத் ‘தீர்ப்பு’, கடைசியில் வருவதற்குத் ‘தண்டனை’. நாளிதழ்கள் ‘ஜூரியின் தீர்ப்பு’ என்று எழுதுவது தெரியும். நாளிதழுக்கு ஒரு பத்தி இருக்கிறது விளக்க. உங்களுக்கு இரண்டு வரி.

விசாரணை முடிவு எட்டாமலே முறிவதற்கு (ஆங்கிலத்தில் ‘மிஸ்ட்ரயல்’) ‘தவறான விசாரணை’ என்று போடுகிறீர்கள். யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று அர்த்தமாகிறது. சில நேரம் உண்மையிலேயே செய்திருப்பார்கள். ஆனால் ஜூரி ஒத்துவராமல் போனாலும் இதே முடிவுதான், அதில் யார் தப்பும் இல்லை. ‘விசாரணை முறிந்தது’ என்று எழுதினால் போதும். ஒரு தளம் இதை ‘விடுதலை’ என்றே போட்டிருந்தது. விடுதலை ஆனவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் விடாது. முறிந்த விசாரணையை அரசுத் தரப்பு நினைத்தால் புது ஜூரியை வைத்து மறுபடி நடத்தலாம். இரண்டாம் சீசன் முழுக்க அந்த மறுவிசாரணைதான்! தமிழில் பார்த்தவருக்கு இரண்டாம் சீசனே சட்டவிரோதம். வழக்கு ‘பாரபட்சத்துடன் தள்ளுபடி’ என்று வருவதும் இந்த ரகம்தான். அங்கே பாரபட்சம் யாரிடமும் இல்லை. அதே வழக்கை மறுபடி போட முடியாதபடி தள்ளுபடி, அவ்வளவே.

கதவு பூட்டிய பிறகு உள்ளே நடப்பதற்கு வருவோம். இறுதி வாதங்கள் முடிந்ததும் நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை விளக்குவார் (சில நீதிமன்றங்களில் வாதத்துக்கு முன்பே). ஆங்கிலத்தில் இதற்கும் குற்றச்சாட்டுக்கும் ‘சார்ஜ்’ என்ற ஒரே சொல். ‘நீதிபதி ஜூரி மீது குற்றம்சாட்டினார்’ என்ற வரி அப்படித்தான் பிறந்தது. ‘ஜூரிக்கு நீதிபதியின் அறிவுரை’ என்று எழுதலாம். அதன் பிறகு, கூடுதலாக உட்கார வைத்திருந்த மாற்று ஜூரர்களைப் பிரித்து அனுப்புவார்கள். மீதிப் பேர் சான்றாவணங்களோடு அறைக்குள் போய்த் தங்களில் ஒருவரை ஜூரித் தலைவராகத் தேர்ந்துகொள்வார்கள். சில இடங்களில் நீதிபதியே நியமித்துவிடுவார். ‘ஃபோர்மேன்’ என்று அப்படியே விட்டால் தொழிற்சாலை மேற்பார்வையாளர்தான் மனத்துக்கு வருகிறார். முதல் சுற்று வாக்கு கை தூக்கியோ சீட்டெழுதியோ நடக்கும். ஏதேனும் கேட்க வேண்டும் என்றால் வாயால் கேட்க முடியாது. சீட்டில் எழுதி, ஜூரித் தலைவர் கையெழுத்துப் போட்டு, வாசலில் நிற்கும் நீதிமன்றக் காவலரிடம் கொடுக்க வேண்டும். இந்தக் காவலரை ‘அமீனா’ என்று எழுதாதீர்கள், அவர் ஜப்தி செய்ய வரவில்லை.

சீட்டில் ஜூரி பெரும்பாலும் எழுதுவது ‘எங்களால் ஒத்துப்போக முடியவில்லை’ என்று மட்டும்தான். எத்தனைக்கு எத்தனை என்று எழுதுவதில்லை, நீதிபதியும் கேட்கக் கூடாது. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களுக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926-லேயே இதைச் சொல்லிவிட்டது. உங்கள் தமிழில் அந்தச் சீட்டு ‘பாதிக்குப் பாதி பிரிந்திருக்கிறோம்’ என்று வந்தது. மூலத்தில் இல்லாத எண்ணை மொழிபெயர்ப்பு கண்டுபிடித்திருக்கிறது! உண்மையில் அது 11-க்கு 1. அடுத்த காட்சியில் அந்த ஒரே ஒருவரை மற்ற 11 பேரும் சூழ்ந்துகொள்ளும்போது இறுக்கம் எங்கிருந்து வரும்? அதற்குப் பிறகு நீதிபதி அவர்களைக் கூப்பிட்டு, பிடிவாதத்தை விட்டு மற்றவர் பேச்சையும் கேளுங்கள், ஆனால் மனச்சாட்சியை விற்காதீர்கள் என்கிற மாதிரி ஓர் அறிவுரை சொல்வார். 1896-ஆம் ஆண்டு ஆலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட முறை இது. அடைபட்ட ஜூரியை உடைத்துவிடும் என்பதால் வழக்கறிஞர்கள் பேச்சுவழக்கில் இதற்கு டைனமைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கருவி இதை ‘வெடிபொருள் வழக்கு’ ஆக்கிவிட்டது. கொலை வழக்கில் திடீரென்று வெடிபொருள்.

முடிவு வந்த பிறகும் ஒரு படி உண்டு. எதிரியின் வழக்கறிஞர் கேட்டால், ஒவ்வொரு ஜூரரையும் தனித்தனியே எழுப்பி ‘இது உங்கள் முடிவுதானா?’ என்று கேட்பார்கள். ஒரு ஜூரர் தயங்கி ‘இல்லை’ என்றால் முடிவு நிற்காது. நீதிபதி அவர்களைத் திரும்ப அறைக்கு அனுப்பலாம், விசாரணை முறிந்ததாகவும் அறிவிக்கலாம். எழுத்தாளர்கள் உச்சக்காட்சி வைக்க விரும்பும் இடம் இது. ‘ஜூரியிடம் கருத்துக்கணிப்பு நடத்துங்கள்’ என்ற சப்டைட்டிலோடு அந்தக் காட்சியைப் பார்த்தோம்.

எண்ணிக்கை விஷயத்தில் நாடும் ஆண்டும் தெரியாமல் கை வைக்கவே கூடாது. அமெரிக்காவில் கடும் குற்றங்களுக்கு ஜூரி முழுவதும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு 2020-இல் ராமோஸ் வழக்கில்தான் வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் லூசியானாவிலும் ஆரிகனிலும் பல குற்றங்களுக்கு 10 பேர் போதும். ஃபுளோரிடாவில் மரண தண்டனைக்கு உரியவை தவிர மற்ற வழக்குகளில் ஜூரியே 6 பேர்தான். அங்கே ‘12 பேரும்’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் திரையில் எண்ணிப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? இங்கிலாந்தில் 1967 முதல் பெரும்பான்மை முடிவு உண்டு. ஆனால் அந்தப் பெரும்பான்மை 7-க்கு 5 அல்ல. 12 பேரில் குறைந்தது 10 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். அதையும் நீதிபதி உடனே அனுமதிக்க மாட்டார், நடைமுறையில் 2 மணி 10 நிமிடமாவது போக வேண்டும். வெறுமனே ‘பெரும்பான்மை போதும்’ என்று நீங்கள் எழுதினால், மூன்று பேர் மட்டும் எதிர்த்து நின்றும் ஏன் முடிவு வரவில்லை என்று பார்ப்பவர் குழம்புவார். ஸ்காட்லாந்தில் ஜூரி 15 பேர்.

நீதிமன்றக் கூடத்தில் வரும் ஆட்சேபணைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் இவற்றைத் திருத்த ஒரு மாலைப் பொழுது போதும். ஆட்சேபணை ஏற்கப்பட்டது என்பதை ‘தொடரலாம்’ என்று எழுதுகிறீர்கள். நேர் எதிர்ப்பொருள், கேள்வி அங்கேயே நிற்க வேண்டும். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வது ‘வதந்தி’ அல்ல, அது முழு உண்மையாகக்கூட இருக்கலாம். சொன்னவர் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்கவில்லை என்பதுதான் தடை. ‘செவிவழிச் சாட்சியம்’ என்று எழுதுங்கள். பதிலைக் கேள்விக்குள்ளேயே ஊட்டிவிடுவது ‘வழிநடத்துதல்’ ஆகாது. நீதிபதியின் மேசையருகே வழக்கறிஞர்கள் தணிந்த குரலில் பேசுவது ‘பக்கப்பட்டி’ ஆகாது. ‘முதல் தரக் கொலை’ என்பது பாராட்டுப் போல இருக்கிறது; ‘முதல்நிலைக் கொலை’ என்றாவது எழுதுங்கள். அதைவிட முக்கியம், கொலை அளவுக்குப் போகாத மரணம் விளைவித்தலுக்கும் ‘கொலை’ என்றே போடாதீர்கள். ஜூரி அந்த இரண்டில் எது என்றுதான் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும். ‘சாட்சி’ என்றால் ஆள், ‘சாட்சியம்’ என்றால் அவர் சொன்னது, ‘சான்று’ என்றால் இரண்டையும் பொருள்களையும் சேர்த்து. சான்றே இல்லை என்பதை ‘சாட்சியே இல்லை’ என்று எழுதினால், முந்தின காட்சியில் மூன்று சாட்சி பார்த்தவர் உங்களை நம்ப மாட்டார். உரிமையியல் வழக்கில் தோற்றவரைக் குற்றவாளி என்று எழுதாதீர்கள், அவர் இழப்பீடு கொடுக்கப் பொறுப்பானவர். ‘சேதங்கள் பத்து லட்சம்’ அல்ல, இழப்பீடு.

ஜூரி என்ற சொல்லே எங்களுக்குள் சர்ச்சைதான். ‘நடுவர் குழு’ வேண்டாம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. தமிழ்நாட்டில் நீதித்துறை நடுவர் என்றால் மாஜிஸ்திரேட், நடுவர் மன்றம் என்றால் தீர்ப்பாயம். ‘நடுவரும் நடுவர் குழுவும் கருத்து வேறுபட்டனர்’ என்று வந்தால் யாருக்கு என்ன புரியும்? கலைச்சொல் அகராதிகளில் ‘அறங்கூறாயம்’ இருக்கிறது. மதுரைக்காஞ்சியின் ‘அறங்கூறு அவையம்’ நினைவுக்கு வரும், எங்களில் ஒருவருக்கு அதன் மேல் தீராத காதல். ஆனால் இரண்டு நொடி நிற்கும் வரியில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளப் பார்வையாளருக்கு நேரமில்லை. ‘ஜூரி’ என்றே வைத்துக்கொள்வோம். குழு ஜூரி, ஆள் ஜூரர். ‘12 ஜூரிகள்’ என்றால் 144 பேர்.

குற்றம்சாட்டப்பட்டவரை என்ன சொல்லி அழைப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். குற்ற வழக்கில் ‘பிரதிவாதி’ தவறு, அது உரிமையியல் சொல். நீதிமன்றத்தில் நாங்கள் ‘எதிரி’ என்கிறோம். கூடத்துக்கு வெளியே அது பகைவனாகக் கேட்கும். வழக்கறிஞர்களும் நீதிபதியும் பேசும் இடங்களில் ‘எதிரி’ இருக்கட்டும், ஜூரர்கள் தங்களுக்குள் பேசும்போது ‘அவன்’, ‘அந்தப் பையன்’ என்று மூலத்தில் இருப்பது போலவே விடுங்கள். ஜூரர்கள் சட்டம் படிக்காதவர்கள். அவர்கள் வாயில் தீர்ப்பு நடைத் தமிழைத் திணிப்பதும் ஒரு பிழைதான். சரியான சொல் வேண்டும் என்று நாங்கள் கேட்பதை எல்லோரையும் செந்தமிழ் பேசவைக்கும் உரிமமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். இந்தியாவில் ஜூரியை நேரில் பார்த்த தலைமுறை ஏறக்குறைய போய்விட்டது. 1959-இல் கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் பம்பாய் ஜூரி 8-க்கு 1 என்ற கணக்கில் ‘குற்றவாளி அல்ல’ என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை ஆயிற்று, 1961-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே வைக்கவில்லை. சிங்கப்பூர் 1969-இல் சட்டம் கொண்டுவந்து நீக்கியது, மலேசியாவில் 1995-இல் போயிற்று. இலங்கையில் மட்டும் உயர் நீதிமன்றத்தில் 7 பேர் கொண்ட ஜூரி முறை சட்டத்தில் இருக்கிறது, குறைந்தது 5 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆக, உங்கள் பார்வையாளரில் மிகப் பெரும்பாலோர் ஜூரி என்றால் என்ன என்பதை உங்கள் திரையில் மட்டுமே கற்கிறார்கள். அமெரிக்க ஜூரி ‘குற்றவாளி அல்ல’ என்று சொல்லிவிட்டால் நானாவதி வழக்கில் போல நீதிபதி அதை மேலே அனுப்ப முடியாது, அதோடு முடிந்தது என்பதைக்கூட உங்கள் வரிகளிலிருந்துதான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிழைகள் எப்படி நுழைகின்றன என்பதும் எங்களுக்குத் தெரியும். மொழிபெயர்ப்பவருக்குக் காணொளி தருவதில்லை, நேரக்குறியிட்ட எழுத்துக் கோப்பு மட்டும் போகிறது. யார் பேசுகிறார், நீதிபதியா ஜூரரா என்று அதில் இருக்காது. ஒரு வாக்கியம் மூன்று துண்டாக வெட்டப்பட்டிருக்கும். கருவி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மொழிபெயர்க்கும். ஒரே தொடரின் எபிசோடுகளை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுப்பதால் ஒன்றில் ‘ஜூரி’, அடுத்ததில் ‘நடுவர் குழு’, மூன்றாவதில் ‘நீதிக் குழு’. சப்டைட்டில் ஒருவர், டப்பிங் இன்னொருவர். காதில் ‘விடுதலை’, கண்ணில் ‘விடுவிப்பு’. நம் நீதிமன்றங்களில் இவை இரண்டும் வேறு வேறு. விடுவிப்பு, நீதிமன்றம் குற்றச்சாட்டை முறைப்படி எழுதுவதற்கு (வனைவதற்கு) முன்னால், விடுதலை விசாரணை முடிந்து.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

நீதிமன்றக் கதை எதுவானாலும், மொழிபெயர்ப்பு தொடங்குமுன் 50, 60 சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, நீதிமன்றத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஒப்புதல் வாங்குங்கள். சப்டைட்டிலுக்கும் டப்பிங்குக்கும் எல்லா எபிசோடுகளுக்கும் அதே பட்டியல். அதோடு ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும்: கதை எந்த நாடு, எந்த மாநிலம், எந்த ஆண்டு, ஜூரியில் எத்தனை பேர், எத்தனை பேர் ஒத்துக்கொள்ள வேண்டும், தண்டனை யார் கையில்.

மொழிபெயர்ப்பவருக்குக் காணொளியைக் கொடுங்கள். ஜூரி கூடிப் பேசும் காட்சிகளையும் முடிவு அறிவிக்கும் காட்சிகளையும் கருவியிடம் விடாதீர்கள். ஒரு தொடருக்கு அது சில மணி நேர மனித உழைப்பு.

எடுத்துவிட்ட சரிபார்ப்பாளர் பணியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதற்குத் தனி ஊதியம் கொடுங்கள், கடைசிப் பெயர்ப்பட்டியலில் மொழிபெயர்ப்பாளர் பெயரோடு அவர் பெயரையும் போடுங்கள்.

ஏற்கெனவே வெளியானவற்றைத் திருத்துங்கள். சப்டைட்டில் தனிக் கோப்பு, படத்தைத் தொடாமல் மாற்றலாம். அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். முதலில் நான்கே சொற்களைத் தேடி மாற்றுங்கள்: ‘நிரபராதி’, ‘சந்தேகத்துக்கு இடமின்றி’, ‘தவறான விசாரணை’, ‘தூக்கிலிடப்பட்ட ஜூரி’. மூன்று மாதம் போதும். முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். உண்மையிலேயே நிரபராதி என்று சொல்லும் இடங்களும் கதையில் இருக்கும், ஒவ்வோர் இடத்தையும் பார்த்து மாற்றுங்கள்.

பிழை சுட்டுவோருக்கு, நிமிடமும் நொடியும் குறிப்பிட்டு அனுப்ப ஒரு வழி திறந்து, 30 நாளுக்குள் பதில் சொல்லுங்கள். ‘கதை புரிந்தால் போதும்’ என்ற வாசகத்தை அந்தப் பதிலிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த மடலுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்: மேலே சொன்ன நான்கு சொற்களும் எந்தத் தேதிக்குள் எந்தெந்தத் தலைப்புகளில் திருத்தப்படும் என்ற பட்டியலோடு.

இப்படிக்கு,
நீதிமன்றத் தமிழாக்கத்திலும் வழக்காடலிலும் சப்டைட்டில் தொழிலிலும் இருக்கும் சிலர்